மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கு ஒரு பகல்

(கொக்கட்டிச்சோலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இன்று ஒரு பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விடிய மட்டக்களப்பில் ரயிலேறி, பொலன்னறுவையில் இறங்கி, பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு வந்து சேரக்கூடிய பயணம். நாம் ஊர்விட்டு ஊர் போகத் தெரியாத மக்கள் அல்லர். உகந்தை வழியாகக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்தே போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாமாங்கத்துக்கும் மண்டூருக்கும் பிள்ளைகுட்டிகளோடு போகிறோம். பொலன்னறுவையை மட்டும் கொழும்புக்குப் போகிற வழியில் வருகிற ஒரு ஸ்டேஷனாக வைத்திருக்கிறோம். இரவு ரயிலில் போகிறவர்கள் அதை நித்திரையிலேயே கடந்துவிடுகிறார்கள்.

வேறு எந்த ஊராரையும்விடக் கொக்கட்டிச்சோலையில் இருக்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று சொல்வேன். அதற்கான காரணம் ஒரு மனிதர். அவர் பெயர் மாகன். நம் பக்கத்தில் மாகோன் என்போம்.

1215 ஆம் ஆண்டு கலிங்கத்திலிருந்து படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றியவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்து ஆண்டார். பாளி மொழியில் பிக்குகள் எழுதிய சூளவம்சம் அவரைப் பற்றிச் சொல்வதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். இருபத்துநாலாயிரம் பேர் கொண்ட படை, இடிக்கப்பட்ட தூபிகள், சிதைக்கப்பட்ட ஏடுகள், சொத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள். புத்தரின் தந்தத்தையும் பிச்சைப் பாத்திரத்தையும் பிக்குகள் எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்கு ஓடி, கொத்மலைப் பக்கத்தில் புதைத்து வைத்தார்கள் என்றும் அது சொல்கிறது. சிங்கள மக்களின் நினைவில் பொலன்னறுவையின் அழிவு என்றால் அது மாகன்தான்.

இந்தப் பக்கம் வாருங்கள். நம் கோயில்களில் யாருக்கு என்ன முறை, எந்தக் குடிக்கு எந்த மரியாதை, தேசத்துக்கோயில் என்றால் அதன் நிருவாகம் எப்படி என்று கேட்டால், பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? மாகோன் வகுத்தது என்பார்கள். எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962 இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியம் அதைத்தான் சொல்கிறது. அந்நூலில் அவர் ஒழுங்கை நிறுவியவர், கோயில்களுக்கு முறை வகுத்தவர், வன்னிமைகளை ஏற்படுத்தியவர். தோப்பாவை என்ற பெயரில் மான்மியம் குறிப்பிடுகிற ஊர் பொலன்னறுவைதான். அந்த நகரத்தின் பழைய குளத்துக்கு இன்றும் தோபாவெவ என்றே பெயர்.

ஒரே மனிதர். புகையிரதப் பாதையின் ஒரு முனையில் அவர் அழித்தவர், மறுமுனையில் ஆக்கியவர். இரண்டு நூலையும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மான்மியம் பல காலத்து ஏட்டுச் செய்திகள் கலந்த நூல். வரலாற்றாசிரியர்கள் அதன் ஒவ்வொரு வரியையும் அப்படியே எடுப்பதில்லை. சூளவம்சமும் சொத்தையும் விகாரைகளையும் இழந்த பக்கத்தாரின் குரலில் எழுதப்பட்டது. ஆனால் ஒரு கேள்வியை நம் பிள்ளைகள் தங்களுக்குள்ளே கேட்கவேண்டும். நம் கோயில் முறைகளை வகுத்த கை, அங்கே விகாரைகளை இடித்த கையாகவும் இருந்திருக்குமா? வகுப்பறையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் பாடமாகப் போய்விடும். இடிந்த சுவருக்கு முன்னால் நின்று கேட்டால் அப்படிப் போகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

ரயிலில் ஏறி ஒரு நாளில் பழைய நகரம் பார்த்துத் திரும்புவதை ஆங்கிலேயர் பெரிய பழக்கமாகவே வளர்த்துக்கொண்டவர்கள். 1841 ஜூலை 5 ஆம் தேதி தோமஸ் குக் என்பவர் லெஸ்ரரிலிருந்து லவ்பறோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் கூட்டிப்போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான் போனார்கள். ஆனால் சாதாரணத் தொழிலாளி ஒருவன் காலையில் கிளம்பி வேறொரு ஊரைப் பார்த்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வரலாம் என்பது அந்தக் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று இங்கிலாந்தின் யோர்க்குக்கும் டர்ஹமுக்கும் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். இரண்டுக்கும் இடையில் ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

யோர்க் நகரத்தைப் பற்றி உங்களுக்கு இரண்டு செய்தி சொல்லவேண்டும். முதலாவது, 1841 இல் அங்கே ஸ்டேஷன் கட்டியபோது நகரத்தின் பழைய மதிலை வெட்டித் துளைத்துத்தான் ரயிலை உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு 1877 இல் மதிலுக்கு வெளியே புதிய ஸ்டேஷன் கட்டினார்கள். இந்திய உபகண்டத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. ஹரப்பா என்ற பழைய நகரத்தின் செங்கற்களை லாகூர், முல்தான் பாதைக்கு அடியில் கொட்டினார்கள். பொலன்னறுவை தப்பியது. அதன் ஸ்டேஷன் பழைய நகரத்துக்குக் கிழக்கே, சில கிலோமீற்றர் தள்ளி, கதுறுவெலையில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கியதும் இடிபாடுகளைக் காணோமே என்று பிள்ளைகள் ஏமாறக்கூடாது. அந்தத் தூரம் நல்லதற்காக அமைந்த தூரம்.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1190 ஆம் ஆண்டு யோர்க் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதர்கள், வெளியே திரண்ட கூட்டத்தின் வெறிக்கு நடுவே அங்கேயே மாண்டார்கள். ஏறக்குறைய நூற்றைம்பது பேர். இன்று கிளிபர்ட்ஸ் டவர் நிற்கிற மேட்டின் அடியில், அங்கே நடந்ததைச் சொல்லும் கல்லொன்று 1978 இல் பதிக்கப்பட்டது. பேராலயத்தையும் மதிலையும் பார்க்க வருகிறவர்கள் அதையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். தன் பெருமையைக் காட்டும் அதே இடத்தில் தன் ஊரில் நடந்த கொடுமையையும் எழுதி வைக்கிற துணிவு அந்த ஊருக்கு வந்திருக்கிறது. அதற்கு எட்டு நூற்றாண்டு ஆனது என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, நம் பாதைக்கு வருவோம்.

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பரில், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு. கண்டிக்கு 1867 இல் போய்விட்டது. கோப்பி இருந்த இடத்துக்கு ரயில் அவசரமாகப் போனது. மட்டக்களப்புக்கு வர 1928 ஆம் ஆண்டாயிற்று. மாகோ சந்தியில் வடக்குப் பாதையைவிட்டுப் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, காட்டையும் ஆற்றையும் கடந்து நம் வாவிக்கரைக்கு வருகிறது. நாம் போகவேண்டியது அதன் கடைசிப் பகுதி மட்டுந்தான். காலையில் மட்டக்களப்பிலிருந்து புறப்படுகிற உதயதேவியில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் பொலன்னறுவை.

வாவிக்கு இக்கரையான நம் படுவான்கரையில் இருந்து ஸ்டேஷனுக்குப் போவதே ஒரு காலத்தில் ஒரு பயணமாக இருந்தது. மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைக்குக் காத்திருந்தது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். காற்று பலத்தால் பாதை நிற்கும், வெள்ளம் வந்தாலும் நிற்கும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு அக்கரையான எழுவான்கரைக்குப் போவது சில நிமிட வேலை. ஆரையம்பதிக்கு ஏறி, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தால் நகரத்துக்குள் போய்விடலாம். விடிகாலை ரயிலைக் கொக்கட்டிச்சோலையிலிருந்து பிடிக்கலாம் என்பது பாலத்தால் வந்த பாக்கியம்.

ரயில் கிளம்பியதும் ஏறாவூர், வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான். பிறகு கல்குடா, வாழைச்சேனை. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? வைக்கோல். நாம் வட்டையில் எரித்துவிடுகிற வைக்கோலில் இருந்து இந்த நாட்டுப் பிள்ளைகளின் கொப்பிக்குக் காகிதம் செய்தார்கள். வெள்ளாமை செய்கிற குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் அந்த ஸ்டேஷனைக் கடக்கக்கூடாது.

வாழைச்சேனையைத் தாண்டினால் காடு. புணானை வரும். சிறிய இடம். 1920களில் இங்கே ஒரு சிறுத்தை மனிதரைத் தின்னப் பழகி, வழிப்போக்கர்களையும் வேலைக்காரர்களையும் கொன்றது. 1924 இல் ஷெல்டன் அகார் என்ற தோட்டத்துரை அதைச் சுட்டார். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை இது. அதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் பாதை போடப்பட்ட காலமும் அதுதான். நாம் சொகுசாக உட்கார்ந்து கச்சான் கொறித்தபடி கடக்கிற காட்டுக்குள், மலேரியாவுக்கும் மிருகங்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

வெலிக்கந்தை தாண்டி, தெற்குப் பக்கம் திம்புலாகல மலை தெரியத் தொடங்கும்போது எல்லோரையும் ஜன்னல் பக்கம் கூப்பிடுங்கள். மன்னம்பிட்டி வருகிறது. இங்கும் சுற்றுவட்டாரத்திலும் பழைய தமிழ்க் கிராமங்கள் உண்டு. அதைக் கடந்ததும் மகாவலி. ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம். 2007 இல் பக்கத்தில் புதிய வீதிப்பாலம் திறக்கும்வரை ரயிலும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் இந்த ஒரே பாலத்தில்தான் போயின. ரயில் வரும்போது இரண்டு பக்கமும் வாகனங்கள் வரிசையாக நிற்கும்.

இந்தப் பாலத்தின்மேல் ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தலைநகராக இருந்த அநுராதபுரத்தை விட்டுச் சோழர் ஏன் பொலன்னறுவைக்கு வந்தார்கள்? 993 இல் இராசராசனின் படை வந்தது. 1017 இல் இராசேந்திரன் காலத்தில் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, தமிழகத்திலேயே பன்னிரண்டு ஆண்டு இருந்து இறந்தான். ஆனால் தெற்கே உரோகணை அடங்கவில்லை. அங்கிருந்து வருகிற படை மகாவலியைக் கடந்துதான் வரவேண்டும். ஆற்றின் துறைகளைக் காவல் காக்கிறவன் நாட்டைக் காவல் காக்கிறான். பொலன்னறுவை அந்தத் துறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இது இரண்டு வரி. பாலத்தின்மேல் ரயில் மெதுவாக ஊர்ந்து, கீழே அகன்ற மணலும் நீரும் தெரியும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். காரில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. வீதிப்பாலத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுவார்கள். ரயில் தருகிற நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கதுறுவெலையில் இறங்கி, ஓட்டோவோ பஸ்ஸோ பிடித்துப் பழைய நகரத்துக்குப் போங்கள். பலர் முதலில் கல்விகாரைக்கு ஓடுவார்கள். நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே வைத்திருக்கிற நகரத்தின் மாதிரிகளையும் சிலைகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கற்குவியல்களுக்கு நடுவில் ஒரு நகரம் மனக்கண்ணில் எழும்பும்.

அரண்மனையையும் வட்டதாகேயையும் கல்பொத்தவையும் எல்லா வழிகாட்டியும் காட்டுவார். நான் அவற்றில் நிற்கப்போவதில்லை. கல்பொத்த என்ற அந்தப் பெரிய கற்புத்தகத்தை நிசங்கமல்ல மன்னன் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரச் செய்தான், எட்டு மீற்றர் நீளம், அவ்வளவு போதும். பராக்கிரம சமுத்திரத்தை மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உன்னிச்சைத் தண்ணீரிலும் நவகிரித் தண்ணீரிலும் வெள்ளாமை செய்கிற மக்கள் நாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு சிறு குளங்களை இணைத்து இந்த அளவுக்கு நீரைத் தேக்கினான் என்பதன் அருமை நம் தகப்பன்மாருக்கு விளங்குகிற அளவுக்கு வெளிநாட்டுப் பயணிகளுக்கு விளங்காது.

நாம் நிற்கவேண்டிய முதல் இடம் அட்டதாகேக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கல். தமிழ்க் கல்வெட்டு. வேளைக்காரர் என்ற படையினர் பொறித்தது. இவர்கள் முன்பு விசயபாகு அரசனின் படையில் இருந்தவர்கள். 1070 இல் சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட அதே விசயபாகு. சோழநாட்டுக்கு எதிராகப் போருக்கு அனுப்ப அவன் முயன்றபோது இவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. அவன் அந்தக் கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கினான். அவன் மறைந்தபிறகு, அதே வேளைக்காரர், வலங்கையும் இடங்கையுமாகக் கூடி, அவன் கட்டிய தந்ததாதுக் கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றார்கள். கோயிலையும் அதன் ஊர்களையும் ஊழியரையும் அதற்குள் தஞ்சம் புகுந்தவர்களையும், தங்களுக்கே கேடு வந்தாலும் காப்போம் என்று தமிழில் எழுதி வைத்தார்கள். புத்தரின் தந்தத்துக்குத் தமிழ்ப் படை காவல். இந்தக் கல்லைப் பார்க்காமல் இந்த நாட்டின் கடந்த காலத்தைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்பது என் எண்ணம். எந்தப் பக்கத்தாரும்.

அந்தக் கல்லுக்கு முன்னால் மாகனை மறுபடி நினையுங்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டு இடைவெளி. தென்னாட்டிலிருந்து வந்த ஒரு படை காப்பதாகச் சத்தியம் செய்த நகரத்தில், இன்னொரு படை வந்து இடித்தது. இரண்டும் நடந்ததுதான். முன்னதை மட்டும் பிள்ளைக்குக் காட்டிப் பெருமைப்படுகிற தமிழாசிரியரும், பின்னதை மட்டும் காட்டிக் கோபப்படுகிற சிங்கள ஆசிரியரும் பிள்ளைக்குப் பாதி நகரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

தலதா மளுவைக்கு அருகிலே முதலாம் சிவதேவாலயம். பாண்டியர் கலைப்பாணி, கல்லைக் கல்லோடு இழைத்த வேலைப்பாடு பார்ப்பவரை நிறுத்திவிடும். கூரை இல்லை. 1907, 1908 அளவில் எச். சி. பி. பெல் என்ற தொல்லியல் ஆணையாளர் இங்கே தோண்டியபோது கிடைத்த வெண்கலச் சிலைகள் உலகப் புகழ் பெற்றவை. நடராசர், சுந்தரர், காரைக்காலம்மையார். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் இலங்கை வெண்கலங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார், சேர். பொன்னம்பலம் அருணாசலமும் இவற்றைப் பற்றி எழுதினார். சதையெல்லாம் வற்றி, கையில் தாளத்தோடு இருக்கிற அந்த அம்மையார் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். தேவாரமும் நாயன்மாரும் பொலன்னறுவையின் வீதிகளில் வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்ததுதான் நான் மிக விரும்பும் இடம். வடகிழக்குப் பக்கம், மரங்களுக்கு நடுவே, இரண்டாம் சிவதேவாலயம். கல்வெட்டில் அதன் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். ஒரு சோழ அரசியின் பெயர். அக்காலத்தில் ஊரின் பெயர் சனநாதமங்கலம். பொலன்னறுவையில் இன்று முழுதாக நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். டர்ஹம் பேராலயத்துக்கு 1093 இல் அடிக்கல் வைக்கும் முன்பே இந்தக் கோயிலில் பூசை நடந்தது. அடியிலிருந்து உச்சிவரை கல். சின்னக் கோயில்தான்; ஆனால் உருவம் தஞ்சாவூர்க் கோயிலின் குழந்தை என்று சொல்லும்படி இருக்கும். மூலைகளில் நந்திகள். உள்ளே லிங்கம். சுவரில் தமிழ். இன்றும் பூவும் விளக்கும் வைத்து வணங்குகிறவர்கள் உண்டு. அவர்களில் சிங்கள மக்களும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே நம் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல் தின்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அங்கே அந்த நந்திகளுக்கு முன்னால் என்ன நினைப்பார்கள்? பறங்கிப் படைக்காரனை நந்தி எழுந்து உதைத்தது என்று நாம் சொல்கிறோம். கொக்கட்டி மரத்தடியில் லிங்கம் தானாகத் தோன்றியது என்கிறோம். மரபு அது, நம்பிக்கையோடு சொல்கிறோம். பொலன்னறுவையில் இருப்பது எழுத்து: யார் கொடுத்தார், எந்த அரசனின் எந்த ஆண்டில் கொடுத்தார் என்று. கதை வழியாகக் கோயிலைக் காத்த ஊருக்கும், எழுதி வைத்தும் ஆளில்லாமல் காட்டுக்குள் போன கோயிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். நம் தேர் இன்றும் ஓடுகிறது. வடத்தைப் பிடித்து இழுக்க ஊர் இருக்கிறது. அங்கே கல்வெட்டு இருக்கிறது; வடம் பிடிக்க ஊர் இல்லை.

கல்விகாரையைக் கடைசியில் பாருங்கள், வெயில் சற்றுத் தாழ்ந்தபிறகு. ஒரே பாறையில் வரிசையாகப் புத்தர் உருவங்கள். நிற்கிற உருவம் ஏறக்குறைய ஏழு மீற்றர், படுத்திருப்பது பதினான்கு மீற்றர். தலையணையில் தலை அமிழ்ந்த பள்ளத்தைக்கூடச் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறான். செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுப் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். நம் மூலஸ்தானத்துக்கு முன்னால் பிறர் எப்படி நடக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அப்படி நாம் அங்கே நடக்கவேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. ஒரு தலைமுறை இந்தப் பயணத்தைப் போகவே இல்லை. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் நடந்த படுகொலைகள் இந்த ஊருக்கு என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இறந்தவர்களின் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறார்கள். பாதையில் பல ஆண்டுகள் ரயில் மட்டக்களப்புவரை வரவில்லை. பொலன்னறுவை மாவட்டத்தின் எல்லைக் கிராமங்களிலும் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்தாரும் கொல்லப்பட்டார்கள். நாம் ரயிலில் கடக்கிற அந்தக் காடுதான் அதற்கெல்லாம் சாட்சி. பொலன்னறுவை என்றால் சோதனைச் சாவடி என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிற தாய்மாரை நான் அறிவேன். அவர்களுடைய பயத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வேறு பலவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன். யோர்க்கில் அந்தக் கல் வர எட்டு நூற்றாண்டு ஆனது என்றேன். நமக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி மழையில் போகவேண்டாம். பாதையில் வெள்ளம் ஏறும். மாசிக்குப் பிறகு போங்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போங்கள்; தண்ணீர் அதிகம் எடுங்கள். மத்தியான வெயில் கல்லில் பட்டுக் கால் பொசுங்கும், வெறுங்காலோடு நடக்கும் இடங்கள் பல. சிறு பிள்ளைகளுக்குக் காலுறை வையுங்கள். மாலையில் ரயில் நேரம் பொருந்தாவிட்டால் கதுறுவெலையில் மட்டக்களப்பு பஸ் கிடைக்கும். நேரங்கள் மாறும், அந்த வாரமே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். பொலன்னறுவைக்கு அப்பாலும் போக ஆசைப்படுகிறவர்கள் மின்னேரியா, கல்லோயாப் பக்கம் காட்டைக் கவனமாகப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. ரயில் அந்த இடத்தில் மெதுவாகப் போனால் யாரும் முணுமுணுக்கவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயணம் ஒரு பக்கம் மட்டும் நடந்தால் போதாது. அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதே ரயிலில் நம் பக்கம் வந்தால் என்ன பார்ப்பார்கள்? 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையைப் பார்க்கலாம். கல்லடி உப்போடையில் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் சமாதியைப் பார்க்கலாம். வாவியைப் பார்க்கலாம். பிறகு மண்முனைப் பாலத்தால் இங்கே வரவேண்டும். மாகனை அழித்தவனாக மட்டும் படித்த பிள்ளைகளுக்கு, அவன் பெயரால் ஒரு கோயில் முறை இன்றும் உயிரோடு இருப்பதைக் காட்ட நம்மைவிட யாரால் முடியும்? வந்தால் அவர்களுக்கு நாம் என்ன கொடுப்போம்? கோயில் வரலாற்றைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லுகிற ஒரு பலகை வேண்டும். குடிமுறையையும் தேர்முறையையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதியும் பதிவு செய்தும் வைக்கவேண்டும். கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கர்மாரிடம் இதை நான் பணிவோடு கேட்கிறேன்.

ஆசிரியர்களிடம் கேட்பது இன்னொன்று. வருகிற விடுமுறையில் ஒரு வகுப்பைக் கூட்டிப் போங்கள். போகுமுன் பொலன்னறுவையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதுங்கள்: நாங்கள் உங்கள் ஊர் பார்க்க வருகிறோம், அடுத்த தவணையில் நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள், எங்கள் கோயிலடியில் உங்களுக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று. அந்தக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.